எட்டாவது பாட்டிலில் அகப்பட்ட ஈயம்

மேசை மேல் இரண்டு குழாய்த் துண்டுகள் இருக்கின்றன. இரண்டும் 30 செ.மீ. நீளம். ஒன்று ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், தராசில் 365 கிராம். இன்னொன்று ஈயக் குழாய், 910 கிராம். கனமான துண்டு நாலு மாதம் முன்பு வரை எங்கள் வாசலுக்கு அடியில் மண்ணுக்குள் கிடந்தது. நாங்கள் குடித்த ஒவ்வொரு டம்ளர் தண்ணீரும் அதன் வழியாகத்தான் வந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரம் பிடித்தது. சரியான வரிசையில் செய்திருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசை இன்னொருவருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் வெள்ளீயத்தையும் ஈயம் என்கிறோம், காரீயத்தையும் ஈயம் என்கிறோம். பாத்திரத்துக்கு உள்ளே பூசுவது வெள்ளீயம். அது வேறு உலோகம். நான் இங்கே ஈயம் என்று சொல்வதெல்லாம் காரீயம்.

அக்கா கைக்குழந்தையோடு எங்களோடு வந்து தங்குவதாக முடிவானபோதுதான் இந்த வேலை தொடங்கியது. குழந்தைக்குப் புட்டிப்பால். பால்பவுடரைக் கரைப்பது குழாய்த் தண்ணீரில். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சிக்கொள்ளும், அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், வந்த பாதிப்பைத் திருப்ப முடியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வீடு பழையது. அமெரிக்காவில் புதிதாக ஈயக் குழாய் போடுவதை 1986-இல்தான் தடை செய்தார்கள் என்று படித்ததும், நம் வீட்டை யார் சோதித்தார்கள் என்ற கேள்வி வந்துவிட்டது.

தண்ணீரில் கலந்த ஈயத்துக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் அது இன்னும் செறிவாகும். ஆகவே குழாயையும் பார்க்க வேண்டும், தண்ணீரையும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பது என் முதல் மூன்று வாரங்கள்.

காந்தம் சொன்ன பாதி உண்மை

கையில் எடுத்தது இவ்வளவுதான்: குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம், தட்டை முனை ஸ்க்ரூடிரைவர், டார்ச், அளவு நாடா. இவற்றால் குழாயை அடையாளம் காண முடியும். காந்தம் ஒட்டினால் இரும்பு, அதாவது ஜி.ஐ. ஒட்டாமல், சுரண்டிய இடம் செம்பு நிறத்தில் இருந்தால் செம்பு. ஒட்டாமல், லேசாகச் சுரண்டியதுமே வெள்ளி போலப் பளபளத்தால் ஈயம். ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தாலும் தெரியும்: இரும்பும் செம்பும் கணீரென்று ஒலிக்கும், ஈயம் மண்ணில் தட்டியதுபோல 'தொப்' என்று அடங்கிவிடும்.

தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் வெளியே தெரிந்த குழாயில் காந்தத்தை வைத்தேன். டக்கென்று ஒட்டியது. ஜி.ஐ. என்று நோட்டில் எழுதி, தேதி போட்டு, அக்காவுக்கும் போன் பண்ணிச் சொன்னேன். தண்ணீர் இணைப்புப் பதிவேட்டில் விசாரித்தபோதும் 'ஜி.ஐ.' என்றுதான் பதில் வந்தது. இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். பத்து நாள் போனது.

மீட்டர் பக்கத்து கேட் வால்வில் கசிவு. அதைச் சரிசெய்ய வந்த பிளம்பர், வால்வைக் கழற்றி வைத்துவிட்டு, குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மேலே இருக்கிறது பின்னாடி மாத்தினது. கீழே முடிச்சு விட்டிருக்கு பாருங்க."

"முடிச்சா? எங்கண்ணே?"

"மண்ணைத் தள்ளுங்க. பாம்பு எலியை முழுங்கின மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அந்தக் காலத்து பத்தவைப்பு. இரும்புக் குழாயில அப்படி வராது, மரைதான் இருக்கும்."

காந்தம் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட பத்து செ.மீ.க்குச் சரியான பதில் சொன்னது. மீட்டரை மாற்றும்போது யாரோ மேல்பகுதியை மட்டும் ஜி.ஐ.யாக மாற்றியிருக்கிறார்கள், பதிவேட்டில் ஏறியது அந்த மாற்றம். தெருவின் பெரிய குழாயிலிருந்து சமையலறைக் குழாய் வரை ஒரே பொருள்தான் இருக்கும் என்று எண்ணியது என் தப்பு. இந்த வேலையைத் தொடங்குபவர்கள் முதலில் ஒரு தாளில் முழுப் பாதையையும் வரையுங்கள். தெருக் குழாய், மீட்டர், வால்வு, சுவருக்குள் போகும் இடம், திருப்பங்கள், கடைசிக் குழாய். ஒவ்வொரு இணைப்புக்கு இரண்டு பக்கமும் காந்தம் வையுங்கள். ஒட்டியது, ஒட்டவில்லை, பார்க்க முடியவில்லை என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். அந்த மூன்றாவதை வெறுமனே விடக் கூடாது. என் வரைபடத்தில் அப்படி மூன்று இடங்கள் இருந்தன, விஷயம் முழுக்க அங்கேதான் இருந்தது.

குழி

பிளம்பர் போன பிறகு சிறு மண்வாரியால் 45 செ.மீ. ஆழத்துக்குக் கையாலேயே தோண்டினேன். கடப்பாரை வேண்டாம், ஈயக் குழாய் மெத்தென்றது, ஒரு குத்துக்கே பிளந்துவிடும். ஈரத்துணியால் துடைத்ததும் வீக்கம் தெரிந்தது. பல்லியின் வயிறு போல நடுவில் பருத்து, இரண்டு ஓரமும் வழவழவென்று இழைந்து குழாயோடு கலந்திருந்தது. வெர்னியர் காலிப்பரில் குழாயின் வெளிவிட்டம் 22.4 மி.மீ., வீக்கத்தின் நடுவில் 41 மி.மீ. அதற்கு மேலே பித்தளை நிப்பிள் (குட்டையான இணைப்புத் துண்டு), அதன்மேல் ஜி.ஐ. காந்தம் ஜி.ஐ.யில் ஒட்டியது; வீக்கத்துக்குக் கொண்டுவந்ததும் கையோடு வழுக்கி விழுந்தது.

இங்கே இரண்டு தவறு செய்தேன். ஒன்று, சுரண்டுவதற்கு முன்பே சோதனைக் குச்சியைத் தேய்த்தது. ஈயம் பட்டால் இளஞ்சிவப்பாக மாறும் குச்சி அது. மேலே ஜி.ஐ. மரையில் தேய்த்தேன், சிவந்துவிட்டது. இரும்புக் குழாயிலும் ஈயமா என்று அரை நாள் குழம்பினேன். பிறகுதான் விளங்கியது: பழைய மரைகளில் சணலோடு சேர்த்துத் தடவிய பசையிலும், துருப்பிடிக்காமல் அடித்த அடிப்பூச்சிலும் ஈயம் கலந்த காலம் ஒன்று உண்டு. குச்சி பசையைச் சொன்னது, குழாயைச் சொல்லவில்லை. வெற்று உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்த இடத்தில்தான் குச்சியைத் தேய்க்க வேண்டும். தண்ணீரில் எவ்வளவு ஈயம் என்பதையும் அது சொல்லாது.

இரண்டாவது தவறுதான் இன்னும் மனதை உறுத்துகிறது. பூச்சை எடுக்க உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தேன். ஈயம் கலந்த பூச்சின் தூசு மூச்சில் போவது, தண்ணீரில் வரும் ஈயத்தைவிட மோசமாக இருக்கலாம். நல்லவேளை குழந்தை இன்னும் வரவில்லை. சட்டையைத் தனியாகத் துவைத்து, அந்த இடத்தை மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தேன். உப்புத்தாளே தேவையில்லை. இடத்தை நனைத்துவிட்டு ஒரு சாவியின் ஓரத்தால் ஒரு செ.மீ. சுரண்டினால் போதும், கீற்றை ஈரத்துணியில் வழித்து, பையில் கட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

சாவியால் ஒரே இழுப்பு. கறுத்த சாம்பல் தோல் உரிந்து, அடியில் புதுக் காசு மாதிரி மின்னியது. நகத்தை அழுத்தினால் பதிந்துவிடுமோ என்கிற அளவுக்கு மெத்து. அதைப் பார்த்தபின் குச்சி தேவைப்படவில்லை. தேய்த்துப் பார்த்தேன், சில நொடியில் சிவந்தது.

தண்ணீரை வரிசையாகப் பிடித்தல்

குழாய் ஈயம் என்றால் தண்ணீரில் ஈயம் நிச்சயம் என்று சொல்ல முடியாது. உள்ளே படியும் உப்புப் படலம் பல இடங்களில் கவசமாக நிற்கும். குழாயை அரிக்காதபடி பாஸ்பேட் சேர்த்தும் தண்ணீர் விடுவார்கள். தண்ணீரின் தன்மை மாறினால் கவசம் கரையும். அமெரிக்காவின் ஃப்ளிண்ட் நகரில் 2014-இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது அரிப்புத் தடுப்பைச் சேர்க்காமல் விட்டதால் நடந்தது அதுதான். ஆகவே அளந்துதான் ஆக வேண்டும்.

உண்மையில் அளவு ஒன்றை நான் முன்பே எடுத்திருந்தேன், குழி தோண்டுவதற்கு முன்பு. காலையில் ஒரே ஒரு பாட்டில். குழாய் முனையின் சல்லடையைக் கழற்றி, தண்ணீரைச் சன்னமாக விட்டுப் பிடித்து லேபுக்குக் கொடுத்தேன். 0.006 என்று வந்தது. எண்ணைப் பார்த்ததும் 'ஒன்றுமில்லை' என்று நினைத்தேன். அது லிட்டருக்கு மில்லிகிராம். மைக்ரோகிராமில் 6. உலக சுகாதார நிறுவனத்தின் தற்காலிக வழிகாட்டு அளவு 10. ஐரோப்பிய ஒன்றியம் 2036-க்குள் 5-க்கு இறங்கச் சொல்லியிருக்கிறது. 6 என்பது ஒன்றுமில்லாத எண் இல்லை. அதோடு அந்தப் பாட்டில் தப்பாகப் பிடித்தது: துகளாக வரும் ஈயம் சல்லடையில் தங்கும், வேகமாக ஓடும்போதுதான் குழாயிலிருந்து பெயரும். சல்லடையைக் கழற்றி, சன்னமாக விட்டு, இரண்டையும் மறைத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய கோளாறு, எந்தத் தண்ணீரைப் பிடித்தேன் என்பது. கணக்குப் போட்டால் புரியும். 15 மி.மீ. என்று சொல்லப்படும் ஜி.ஐ. குழாயின் உள்விட்டம் கிட்டத்தட்ட 16 மி.மீ. ஒரு மீட்டர் நீளத்துக்குள் 0.2 லிட்டர் தண்ணீர் நிற்கும். சமையலறைக் குழாயிலிருந்து அந்த வீக்கம் வரை நாடா வைத்து அளந்தேன்: 17 மீட்டர். அப்படியென்றால் முதல் 3.4 லிட்டர் முழுக்க வீட்டு ஜி.ஐ.க்குள் இரவு நின்ற தண்ணீர். ஈயக் குழாயின் உள்விட்டம் 12.7 மி.மீ., மீட்டருக்கு 0.127 லிட்டர். தெருவரை 9 மீட்டர், அதாவது 1.1 லிட்டர். ஈயத்தோடு இரவு முழுக்கக் கிடந்த தண்ணீர் 3.4-க்கும் 4.5-க்கும் நடுவில்தான் குழாய் வாய்க்கு வரும். நான் பிடித்தது முதல் அரை லிட்டர். அந்த 6 பெரும்பாலும் குழாயின் பித்தளையிலிருந்து வந்தது.

அதனால் இரண்டாம் தடவை அரை லிட்டர் பாட்டில் பன்னிரண்டு வாங்கி, 1 முதல் 12 வரை எழுதி ஒட்டினேன். லேபில் தரும் பாட்டில்களைக் கழுவக் கூடாது. முந்தின இரவு பத்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, நிறுத்தி, அதன்பின் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வீட்டில் எங்கேயும் தண்ணீர் எடுக்கக் கூடாது. முதல் இரவு அப்பா மூன்று மணிக்குக் கழிப்பறைக்குப் போய் ஃப்ளஷ் பண்ணிவிட்டார். குழாய்க்குள் நின்ற தண்ணீர் நகர்ந்துவிட்டது, அன்றைய சோதனை வீண். மறுநாள் இரவு கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, ஃப்ளஷ் கைப்பிடியில் துணி சுற்றிக் கட்டினேன். காலை ஐந்தரைக்குச் சல்லடையோடு, குழாயை முழுக்கத் திறந்து, நடுவில் மூடாமல் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிடித்தேன். ஒரு பாட்டில் நாலு நொடியில் நிறைந்துவிடும், தனியாளால் ஆகாது. அம்மா எடுத்துக் கொடுக்க, நான் பிடிக்க, அப்பா மூடி போட்டார்.

எல்லாவற்றையும் சோதனைக்குக் கொடுக்கவில்லை. 1, 4, 7, 8, 9, 12 மட்டும். மைக்ரோகிராமில் வந்த விடை: 6, 2, 9, 24, 27, 3. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அளவு நாடாக் கணக்கைப் பக்கத்தில் வைத்தேன். எட்டும் ஒன்பதும் 3.5 லிட்டரிலிருந்து 4.5 லிட்டர் வரையிலான தண்ணீர். நான் குழிக்குள் சுரண்டிய குழாய்.

அடுத்த தடவை பத்தாவதையும் அனுப்புவேன். இறங்கும் சரிவு எங்கே என்று தெரியவில்லை என்பது பிறகு உறுத்தியது. தோண்ட முடியாத வீடுகளுக்கும் இந்த வழி போதும். சிமெண்ட் தளத்தை உடைக்காமலே, எத்தனையாவது பாட்டிலில் எண் ஏறுகிறது என்பதை வைத்து, எத்தனையாவது மீட்டரில் ஈயம் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். வீட்டுக்குள் பிவிசி குழாய்தான் என்பவர்களும் நடுப் பாட்டில் ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள். சூட்டில் சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசராக ஈய உப்பைச் சேர்த்துப் பிவிசி குழாய்கள் வெகுகாலம் தயாராகியிருக்கின்றன.

மாற்றும்வரை

அக்காவிடம் எண்களைச் சொன்னேன். "நீ முதல்ல ஒண்ணுமில்லைன்னு சொன்னியேடா" என்றாள். ஆமாம், சொன்னேன். காந்தம் ஒட்டியதைப் பார்த்துவிட்டுச் சொன்னது.

குழந்தைக்குப் பால் கரைக்க, ஈயத்தை நீக்கும் என்று என்.எஸ்.எஃப். 53 (வடிகட்டிகளுக்கான அமெரிக்கத் தரம்) சான்று பெற்ற வடிகட்டியைக் குளிர்ந்த நீர்க் குழாயில் பொருத்தினேன். சாதாரண ஜாடி வடிகட்டிகளில் பல ருசிக்காக மட்டுமே. சான்றில் ஈயம் என்று குறிப்பிட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து சமைக்க எடுப்பதை நிறுத்தினோம், சூடான தண்ணீர் ஈயத்தை அதிகம் கரைக்கும். காலையில் ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அதை வாளியில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொண்டோம். வாரம் ஒருமுறை சல்லடையைக் கழற்றிக் கழுவினேன். முதல் வாரம் அதில் மணல் மாதிரிச் சாம்பல் துகள் ஒரு சிட்டிகை இருந்தது.

மாற்றிய நாள்

எங்கள் பக்கத்துப் பகுதியை மட்டும் மாற்றலாம், தெருப் பகுதி பிறகு பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பிளம்பர் அண்ணன் வேண்டாம் என்றார், நானும் பிடிவாதமாக நின்றேன். பாதி ஈயத்தை வெட்டினால் உள்ளே படிந்தது அதிர்ந்து பெயரும். மிச்ச ஈயத்தோடு செம்பைச் சேர்த்தால் இரண்டு உலோகமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அரிப்பு கூடும். எண் குறையாமல் சில காலம் ஏறவும் செய்யும். 9 மீட்டரையும் ஒரே நாளில் எடுக்க அனுமதி வரும்வரை மூன்று வாரம் காத்திருந்தோம்.

ஒரு விஷயத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை. வீட்டு மின்சாரத்தின் எர்த் கம்பி அந்தக் குழாயில்தான் இறுக்கப்பட்டிருந்தது. உலோகக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டால் வீட்டுக்கு எர்த் இல்லை. வேலைக்கு இரண்டு நாள் முன்பு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தனி எர்த் கம்பி இறக்கிய பிறகே குழாயைத் தொட்டோம்.

25 மி.மீ. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய், இணைப்பே இல்லாமல் ஒரே நீளம். காலை எட்டுக்குத் தொடங்கி மாலை நாலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாச் சல்லடையையும் கழற்றி, எல்லாக் குளிர்ந்த நீர்க் குழாயையும் திறந்து அரை மணி நேரம் ஓடவிட்டோம். வெட்டியெடுத்த ஈயத்தின் உட்புறத்தை அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். சுவர் முழுக்க வெளுத்த சாம்பல் பொருக்கு, ஓர் இடத்தில் அது பெயர்ந்து அடியில் கறுப்பு. அந்தத் துண்டைத் தடித்த பையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், யாரும் வெறுங்கையால் தொட வேண்டாம் என்று.

ஒரு மாதம் கழித்து மறுபடி பன்னிரண்டு பாட்டில். எட்டு 2, ஒன்பது 1. ஆனால் நாலாவது 7. முன்பு 2 இருந்த இடம். இரண்டு தடவை படித்தேன். ஈயக் குழாய்க்குப் பின்னால் பல வருடம் இருந்த ஜி.ஐ.யின் துருவில் ஈயம் ஒட்டித் தங்கியிருக்கும். தோண்டிய அதிர்ச்சியில் அது உதிர்கிறது. வடிகட்டியைக் கழற்றவில்லை. போன வாரம், நாலாம் மாதம், நாலாவது பாட்டில் 4 காட்டியது. வீட்டுக்குள் இருக்கும் 17 மீட்டர் ஜி.ஐ.யையும் எடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. சமையலறைச் சுவரில் பாதையைப் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் பக்கத்தில் பாட்டில் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.